பெனோனியிலிருந்து மொராவியாவுக்கு: ஓர் இளம் ஐஸ் ஹாக்கி தடுப்பாட்டக்காரர் பற்றிய நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

இந்த ஆய்வில் வரும் இளைஞனுக்கு இப்போது 19 வயது. ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே பெனோனியில் வளர்ந்தவன். ஐஸ் ஹாக்கியில் டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்டக்காரன். இதையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்று 14 வயதிலிருந்து சொல்லி வருகிறான். இன்னும் தொழில்முறை ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை. ஆனால் குளம் உறைந்து பார்த்திராத ஒரு ஊரிலிருந்து ஐரோப்பாவின் ஒரு ஜூனியர் அணி வரை போயிருக்கிறான். வழியில் எடுத்த முடிவுகள் சில நன்றாக அமைந்தன, சில அமையவில்லை. நம் குடும்பங்களில் வேறு விளையாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் இதில் பயன் இருக்கும் என்று எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். அந்தக் குடும்பமும் பயிற்சியாளரும் உட்கார்ந்து பேசிய முக்கியமான கூட்டங்களில் நானும் இருந்தேன். பெற்றோர், மகன் மூவரின் சம்மதமும் உண்டு. பெயர்களையும் கிளப்புகளையும் விட்டுவிட்டேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பனித்தளத்தில் ஒரு அணிக்கு ஒரே நேரத்தில் 6 பேர். கோல்கீப்பர், 3 முன்வரிசை, 2 டிஃபென்ஸ். 20 நிமிடம் வீதம் 3 பகுதிகள். பந்துக்குப் பதில் பக் என்கிற ரப்பர் வட்டு. டிஃபென்ஸின் வேலை எதிராளியை மறிப்பதோடு முடிவதில்லை. தன் கோலுக்குப் பின்னால் ஓரத்தில் கிடக்கும் பக்கை எடுக்க வேண்டும், துரத்தி வருபவனிடம் மாட்டக் கூடாது, சரியான ஆளுக்கு முதல் பாஸ் போக வேண்டும். இன்றைக்குக் கிளப்புகள் பணம் கொடுத்து வாங்குகிற திறமை அதுதான்.

பின்னணி: வீடும் அரங்கும்

அம்மா வீட்டார் 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு வந்தவர்களின் வழியினர். பிறகு உள்நாட்டுக்கு நகர்ந்து, பெனோனியில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆக்டன்வில்லில் குடியமர்ந்தார்கள். அப்பா திருச்சிக்காரர், மிட்ராண்டில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர். அதனால் இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் நின்றுபோன தமிழ் இந்த வீட்டில் இன்னும் ஓடுகிறது. அம்மாவைப் பெற்ற ஆயாவும் கூடவே இருக்கிறார்.

பையன் முதலில் ஆடியது இன்லைன் ஹாக்கி. சக்கர ஸ்கேட், சிமெண்டுத் தரை, ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பர் தவிர 4 பேர். கிரிக்கெட்டுக்கு அனுப்பாமல் இதென்ன என்று திருச்சிப் பக்கத்துச் சொந்தங்கள் கேட்டதுண்டு. பெனோனியிலிருந்து கெம்ப்டன் பார்க் கிட்டத்தில்தான். அங்கே ஃபெஸ்டிவல் மாலுக்குள் பனி அரங்கு இருக்கிறது. 2018-ல், 11 வயதில், அவன் பனியில் ஏறினான். அதே ஆண்டு ஏப்ரலில் உலகப் போட்டியின் மூன்றாம் பிரிவு கேப் டவுனில் நடந்தது. தென்னாப்பிரிக்க ஆண்கள் சொந்த மண்ணில் ஆடியதை வீடியோவில் பார்த்துவிட்டு, இந்த நாட்டுக்கும் அப்படியொரு அணி இருக்கிறது என்பதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னான். தென்னாப்பிரிக்கா பன்னாட்டு ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் சேர்ந்தது 1937-ல். வரலாறு நீளம்தான், அரங்குகள்தான் விரல்விட்டு எண்ணுகிற அளவு.

மால் அரங்குகளுக்கு வருமானம் பொதுமக்களிடமிருந்து வருகிறது. பகலிலும் வார இறுதியிலும் பிறந்தநாள் கூட்டம் சறுக்கும். ஹாக்கிக்குக் கிடைப்பது விடியற்காலையும் இரவு பிந்திய நேரமும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர் இங்கேதான்.

முதலில் கண்டது

13 வயது வரை அவன் முன்வரிசைக்காரன். வயதுக் குழுவில் அதிக கோல் அடித்தவன். கோல் அடிக்கிற பிள்ளையை யாரும் இடம் மாற்றச் சொல்வதில்லை. ஆனால் 2020-ல் ஊரடங்கு வந்து அரங்குகள் மூடின. திறந்தபோது பையன் திடீரென்று வளர்ந்திருந்தான். கால் நீண்டிருந்தது, பழைய சமநிலை இல்லை, முதல் மூன்றடி வேகம் போய்விட்டது. கோல்கள் குறைந்தன.

பயிற்சியாளர் செக் நாட்டில் இளவயதில் ஆடிவிட்டு இங்கே குடியேறியவர். அவர் வேறொன்றைக் கவனித்திருந்தார். பக் தன்னிடம் இல்லாத நேரத்தில் இந்தப் பையன் சும்மா நிற்பதில்லை. அடுத்த பாஸ் எங்கே போகும் என்று ஊகித்து, அந்தப் பாதையில் ஸ்டிக்கை வைத்துவிடுகிறான். அப்பா கேலரியிலிருந்து போனில் எடுத்த வீடியோக்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். எதிரணி பாஸ்களை அவன் வெட்டியது, சக முன்வரிசைப் பையன்களைவிடப் பல மடங்கு. இன்னொன்று, அவன் வலது பக்கத்து அடி, அதாவது ஸ்டிக்கை உடம்பின் வலப்பக்கம் பிடித்து அடிப்பவன். உலகம் முழுக்க வலது பக்கத்து அடி டிஃபென்ஸ் குறைவு, கிளப்புகள் தேடுவார்கள்.

குறைகளும் பளிச்சென்று தெரிந்தன. இன்லைனில் நிற்பதும் திரும்புவதும் வேறு மாதிரி. பனியில் பிளேடின் உள்ஓரம், வெளிஓரம் என்று இரண்டு விளிம்புகள் உண்டு. அவன் உள்ஓரத்தை மட்டும் நம்பினான். இடப்பக்கம் திரும்பிப் பின்னோக்கிச் சறுக்கினால் நன்றாக வரும், வலப்பக்கம் திரும்பினால் தடுமாறுவான். எதிராளிக்கு இது ஒரே ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

முதல் முடிவு: பின்வரிசைக்கு மாற்றம்

2021-ல் அவனை டிஃபென்ஸுக்கு மாற்றினார்கள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “கோல் அடிக்கிறவனைத்தானே சார் ஆள் தேடி வருவாங்க?” என்று கேட்டார். பயிற்சியாளர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் பட்டது. முன்வரிசையில் இந்த வயதிலேயே மின்னுகிற பிள்ளைகள் கனடாவிலும் ஸ்வீடனிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். டிஃபென்ஸ் மெதுவாகப் பழுக்கிற இடம். ஆட்டத்தைப் படிக்கிற அறிவு அங்கே வேகத்துக்கு ஈடு கொடுக்கும். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.ஹெச்.எல்.லில் சிறந்த டிஃபென்ஸுக்குத் தரும் நாரிஸ் கோப்பையை 7 முறை வென்றவர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரம். டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுக்கும் தேர்வில், 1989-ல் அவரை 53-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அதே கோப்பையை 2019-ல் வென்ற மார்க் ஜோர்டானோவை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை.

உயரம் பற்றிய கவலையும் வந்தது. டிஃபென்ஸ் என்றால் 2.06 மீட்டர் ஸ்தெனோ காராவைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். இவன் 1.78-ல் நின்றுவிட்டான். ஜாரெட் ஸ்பர்ஜன் 1.75 மீட்டர்தான், 2008-ல் 156-வதாக எடுத்த அணி அவரோடு ஒப்பந்தமே போடவில்லை, பிறகு மினசோட்டா அணியின் தலைவரானார். உதாரணங்கள் ஆறுதல் தரும், ஆனால் அவை விதிவிலக்குகள். அதையும் குடும்பத்திடம் சொன்னோம்.

அடுத்த ஒன்றரை ஆண்டு நடந்த வேலை பார்க்கச் சலிப்பானது. வலப்பக்கத் திருப்பம், வெளிஓரம், பின்னோக்கிக் குறுக்கடி, திரும்பத் திரும்ப. அதில் ஒரு பயிற்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு வெளிநாட்டில் அவனைக் காப்பாற்றியது இதுதான். பக்கை மூலைக்குத் தள்ளிவிடுவார்கள். அவன் அதை எடுக்கப் போக வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் துரத்துவார். துரத்துபவர் கையில் சில விரல்களைக் காட்டிக்கொண்டே வருவார். பக்கைத் தொடுவதற்கு முன் இவன் தோளுக்கு மேல் இரண்டு முறை திரும்பிப் பார்த்து, விரல் எத்தனை என்று கத்த வேண்டும். சொல்லாமல் பக்கைத் தொட்டால் அந்தச் சுற்று செல்லாது. தொடக்கத்தில் அவன் பக்கையே பார்த்துக்கொண்டு போவான். முதுகைக் காட்டியபடி போர்டில், அதாவது தளத்தைச் சுற்றியுள்ள தடுப்பில், மோதப்படுவது இந்த ஆட்டத்திலேயே ஆபத்தான நிலை. அப்பா துரத்தும் முறை வந்தால் எண்ணைத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று விதி. அணியில் இருந்த ஆஃப்ரிகான்ஸ் பையன்களும் ‘மூணு, நாலு’ என்று கத்த ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது முடிவு: 15 வயதில் அனுப்பாதது

2022 நடுவில், அவனுக்கு 15 வயது இருக்கும்போது, ஒரு முகவர் தொடர்புகொண்டார். வட அமெரிக்காவில் ஒரு தனியார் அகாடமி, தங்குமிடம், பள்ளி, ஆட்டம் எல்லாம் சேர்த்து. முதல் ஆண்டுக் கட்டணமே அப்பாவின் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டியது. என்.ஹெச்.எல். ஆட்கள் வந்து பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, 2000-ல் என்.ஹெச்.எல்.லின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை வென்ற ஓலாஃப் கோல்சிக்கை உதாரணம் காட்டினார் முகவர். கோல்சிக் இங்கே பிறந்ததோடு சரி, ஹாக்கி கற்றது வேறு நாடுகளில். அதை அவர் சொல்லவில்லை.

வீட்டின் மேல் இரண்டாவது பாண்ட், அதாவது அடமானக் கடன், போடலாமா என்பது வரை பேச்சு போனது. ஆயா மட்டும், “புள்ளய அனுப்பு, வீட்ட வக்காத” என்றார். அப்பாவின் வாதம் பலவீனமானதில்லை. சிட்னியில் வளர்ந்த நேதன் வாக்கர் 13 வயதிலேயே செக் நாட்டுக்குப் போனார், 2017-ல் என்.ஹெச்.எல்.லில் ஆடிய முதல் ஆஸ்திரேலியர் ஆனார். தெற்கு நாட்டுப் பிள்ளைக்கு முன்னோடி என்றால் அவர்தான். 15-ஏ தாமதம் என்றார் அப்பா.

பயிற்சியாளர் முகவருக்கு நான்கு கேள்விகளை எழுத்தில் அனுப்பச் சொன்னார். எந்த லீக்கில் ஆடுவான்? அந்த அணியில் ஏற்கெனவே எத்தனை டிஃபென்ஸ்? கடந்த மூன்று ஆண்டுகளில் வெளியே வந்தவர்கள் இப்போது எங்கே ஆடுகிறார்கள்? காயம்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? முதல் கேள்விக்கு மட்டும் பதில் வந்தது, அதுவும் இரண்டு லீக்குகளில் ஏதோ ஒன்று என்று. வாக்கர் போனது ஒரு கிளப்பின் சொந்த இளையோர் அமைப்புக்கு; அங்கே திறமை இருந்தால் மேல் அணிக்கு ஏற்றுவார்கள். இங்கே பேச்சு, கட்டணம் கட்டுகிற எல்லாரையும் சேர்க்கிற இடத்தைப் பற்றி. அப்படிப்பட்ட இடத்தில் அவன் எட்டாவது டிஃபென்ஸாகக் கேலரியில் உட்கார்ந்தால் கேட்பார் இல்லை. மூன்று ஜோடி, 6 டிஃபென்ஸ்தான் ஓர் ஆட்டத்தில் வழக்கமாக ஆடுவது. 15-க்கும் 17-க்கும் நடுவில் ஆட்ட நிமிடங்களை இழந்தால் டிஃபென்ஸுக்கு அது திரும்ப வராது.

இன்னொரு காரணமும் இருந்தது. கனடிய மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஓர் ஆட்டம் ஆடினாலும் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்கான தகுதி போய்விடும் என்பதுதான் அப்போதைய விதி. 15 வயதில் ஒரு கதவைத் திறக்கப் போய் இன்னொன்றைச் சாத்திக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தோம். அந்த விதியை 2024 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து மேஜர் ஜூனியரில் ஆடியவர்களும் கல்லூரிக்குப் போகலாம். இன்று இதே கேள்வியோடு வருகிற குடும்பத்துக்கு அந்தப் பகுதி பொருந்தாது.

முடிவு: மறுத்துவிட்டு, 17 வயதில் அனுப்புவது என்று இலக்கு வைத்தார்கள்.

பள்ளிக் காலண்டர்

யாரும் யோசிக்காத தடை இது. தென்னாப்பிரிக்கப் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி, பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் அக்டோபர், நவம்பரில் முடியும். ஐரோப்பிய ஹாக்கி அணிகள் ஜூலை, ஆகஸ்டில் பயிற்சியைத் தொடங்கி செப்டம்பரில் ஆடத் தொடங்கும். மெட்ரிக் முடித்துவிட்டுப் போனால் பருவத்தின் பாதியில் போய் நிற்பான். அணி அப்போது நிரம்பியிருக்கும். மெட்ரிக்கை விட்டுவிட்டுப் போவதை அம்மா பேச்சுக்குக்கூட ஏற்கவில்லை, நானும் அவர் பக்கம்தான்.

மே, ஜூனில் தேர்வு எழுத முடிகிற கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்துக்கு 2023 தொடக்கத்தில் மாற்றினார்கள். பாண்ட் போட்டு அகாடமிக்குக் கட்டியிருக்க வேண்டிய தொகையில் சிறு பங்கு அதற்கு ஆனது. இந்த முழுக் கதையிலும் அதிகப் பலன் தந்த ஒற்றை முடிவு எது என்று கேட்டால், பனிக்குச் சம்பந்தமே இல்லாத இதைத்தான் சொல்வேன்.

மின்வெட்டும் ஆண்கள் லீக்கும்

2022, 2023 இரண்டும் லோட்ஷெட்டிங்கின் மோசமான ஆண்டுகள். மின்வெட்டின் கடுமையான ஆறாம் கட்டம் அறிவித்த நாட்களில் இரவுப் பயிற்சிகள் ரத்தாகும், அல்லது பாதியில் நிற்கும். அரங்குகள் ஜெனரேட்டரில் சமாளித்தாலும் டீசல் செலவு கட்டணத்தில் ஏறியது. வீட்டு கராஜில் வழவழப்பான பலகை போட்டுச் சறுக்கு அசைவுகள், பிளாஸ்டிக் தகட்டின் மேல் பாஸ் பயிற்சி என்று பனியில்லாத வேலை கூடியது. உடம்புக்கு உதவியது. ஆட்டத்தைப் படிக்கிற கண்ணுக்கு உதவவில்லை, அதற்கு எதிரே ஆள் வேண்டும்.

தன் வயதுக் குழுவில் அவனுக்குச் சவால் தர ஆள் குறைந்துகொண்டே வந்ததால், 16 வயதில் ஆண்கள் லீக்கில் ஆட அனுமதி கேட்டார்கள். எனக்குத் தயக்கம் இருந்தது. பாடி செக், அதாவது உடலால் மோதி மறிப்பது, அனுமதிக்கப்படுகிற வயதையே வட அமெரிக்காவில் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அமெரிக்கா 2011-லும் கனடா 2013-லும் 11, 12 வயதுக் குழுவில் அதைத் தடை செய்தன. இங்கே 16 வயதுப் பையனை 30 வயதுக்காரர்களோடு விடுவதா?

கழுத்துத் தசைக்கு மூன்று மாத வேலை, தொடக்கத்தில் ஒவ்வோர் ஆட்டத்திலும் மூன்றாவது ஜோடியாக மட்டும், தலையில் அடி என்றால் அன்றைக்கு மீண்டும் இறங்குவதில்லை. இந்த மூன்று நிபந்தனையோடு ஒத்துக்கொண்டேன். மூன்றாவதை இங்கே பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளி ரக்பியில் போக்ஸ்மார்ட் என்கிற பாதுகாப்புத் திட்டம் அதைப் பழக்கியிருக்கிறது.

2023 ஆகஸ்டில் அந்த அடி விழுந்தது. போர்டருகே தோள் தலையில் பட்டது. எழுந்து நின்றான், பெஞ்சுக்குப் போகிற வழியில் எந்தப் பகுதி ஆட்டம் என்று கேட்டான். அத்தோடு நிறுத்தினோம். படிப்படியான மீள்வரவில் ஆறு கட்டங்கள், ஒரு கட்டத்துக்குக் குறைந்தது ஒரு நாள். அறிகுறி திரும்பினால் முந்தைய கட்டத்துக்கு இறக்கம். அவனுக்கு வெளிச்சம் உறுத்துவது சில நாள் நீடித்தது, அதனால் முழுதும் முடிய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. நடுவில் கேப் டவுனில் ஒரு போட்டி போனது.

ஆண்கள் லீக் தந்தது என்ன என்றால், இடைவெளியின் கணக்கு. எதிராளி பக்கோடு வரும்போது டிஃபென்ஸ் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே எவ்வளவு தூரம் விட்டு நிற்பது என்பது இந்த இடத்தின் உயிர். அதிகம் விட்டால் அவன் அடிப்பான், குறைத்தால் தாண்டிவிடுவான். வயதுக் குழுவில் இவன் தாராளமாக விட்டு நின்று, தவறினாலும் வேகத்தால் ஈடுகட்டினான். ஆண்களிடம் அது எடுபடவில்லை. முதல் சில மாதம் கோல்கள் இவன் பக்கமாகவே விழுந்தன. பிறகு ஸ்டிக்கை முன்னால் நீட்டி, எதிராளியைப் போர்டு பக்கம் கோணத்தில் ஒதுக்கக் கற்றான்.

தொடையிடுக்கு வலி

2024 ஜனவரியில் இடது தொடையிடுக்கில் வலி தொடங்கியது. தைப்பூசக் காவடி விரதத்தில் இருந்தான். விரதத்தால்தான் வலி என்று பயிற்சியாளர் சந்தேகப்பட்டார். விரதம் காரணமில்லை. பருப்பும் தயிரும் அளவோடு கொடுத்து, பயிற்சியின் கனத்தை அந்த நாட்களில் குறைத்துக்கொண்டாலே போதும்.

கையளவு கருவியால் தசை வலிமையை அளந்தேன். தொடையை உள்ளே இழுக்கிற தசைகள், வெளியே தள்ளுகிற தசைகளின் வலிமையில் 80 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. என்.ஹெச்.எல். ஆட்டக்காரர்களிடம் செய்த ஓர் ஆய்வில், அந்த 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு இந்தத் தசை கிழிய 17 மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. சறுக்குகிறவனுக்கு வெளித்தள்ளும் தசை தானாக வளர்கிறது, உள்ளிழுக்கும் தசையைத் தனியாக வளர்க்க வேண்டும். ஐந்து வாரம் பனி இல்லை. கோபன்ஹேகன் பயிற்சி என்கிற பக்கவாட்டுத் தாங்கல், சிறு அளவில் தொடங்கிக் கூட்டினோம். அதே நேரம் 18 வயதுக்குட்பட்ட தேசிய அணித் தேர்வு இருந்தது. போகவில்லை. அவன் என்னோடு பேசாமல் இருந்த காலம் அது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச் முடிவில் அளவு சரியாகிவிட்டது, வலி பின்பு வரவில்லை.

புறப்பாடு

பயிற்சியாளரின் பழைய தொடர்பு மூலம் செக் நாட்டின் மொராவியா பகுதியில் ஒரு சிறு நகரக் கிளப் கோடைப் பயிற்சிக்கு அழைத்தது. சம்பளம் இல்லை, தங்குமிடம் மட்டும். வாக்குறுதி எதுவும் தரவில்லை. குடும்பத்துக்கு அது நம்பிக்கையைக் குறைக்கவில்லை, கூட்டியது.

காகித வேலை எதிர்பார்த்ததைவிடக் கனம். பிரிட்டோரியாவில் உள்ள தூதரகத்தில் நீண்டகால விசா. 18 நிரம்பாதவன் என்பதால் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்று, இருவரின் சம்மதக் கடிதம். அதன் மேல் பன்னாட்டு மாற்று அட்டை: விட்டுப்போகும் நாட்டுச் சங்கமும் சேரும் நாட்டுச் சங்கமும் ஒப்புக்கொள்ளாமல் ஒரு போட்டியில்கூட இறங்க முடியாது. ஜூலைக்கு வந்திருக்க வேண்டிய விசா ஆகஸ்டில் வந்தது. பயிற்சியின் முதல் பகுதி போய்விட்டது.

பின்விளைவு

2024-25 பருவத்தில் கிளப்பின் 20 வயதுக்குட்பட்ட முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. ஒரு படி கீழே உள்ள அணியில் வைத்தார்கள். அங்கே முதல் வாரமே பயிற்சியாளர் சொன்ன குறை, நாங்கள் யாரும் எதிர்பாராதது. இவன் மெதுவாக ஆடுகிறான் என்றார். கால் வேகம் குறைவில்லை. தென்னாப்பிரிக்காவில் அணிகளில் ஆள் பற்றாக்குறை. நல்ல டிஃபென்ஸ் என்றால் இரண்டு, மூன்று நிமிடம் பனியிலேயே விட்டுவிடுவார்கள். அதுவும் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல். அதில் பிழைக்க அவன் கற்றது, மூச்சைச் சேமித்து மிதந்துகொண்டே ஆடுவது. அங்கே ஒரு ஷிஃப்ட், அதாவது ஒரு முறை பனியில் இறங்கி ஆடுகிற நேரம், 45 விநாடிதான். இருக்கிறதை எல்லாம் கொட்டிவிட்டு பெஞ்சுக்கு வர வேண்டும். ஆண்டுக்கணக்கில் படிந்த அந்தப் பழக்கம் மாற டிசம்பர் வரை ஆனது.

தளத்தின் அளவும் குழப்பியது. நீளம் 60 மீட்டர்; பழகிய மால் தளத்தைவிட எல்லாப் பக்கமும் விரிவு. இடைவெளிக் கணக்கை மறுபடி போட வேண்டியிருந்தது. மாறாக, பக்கை எடுக்கப் போகும்போது திரும்பிப் பார்க்கிற பழக்கத்தை முதல் நாளே பாராட்டினார்கள். மூலையில் அவன் அடி வாங்குவது மற்றவர்களைவிடக் குறைவு, முதல் பாஸ் சுத்தம். ஜனவரியில் முதல் அணியில் இரண்டு பேருக்குக் காயம் பட்டபோது இவனை ஏற்றினார்கள். பருவம் முடியும் வரை அங்கேயே இருந்தான், பெரும்பாலும் மூன்றாவது ஜோடியில்.

தனிமை பற்றி வீட்டில் அதிகம் பேச்சில்லை. மொழி தெரியாது, இருட்டு நான்கு மணிக்கே வந்துவிடும். ஆயா தினம் வாட்ஸப்பில் கூப்பிட்டு என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்பார். அது போதுமானதாக இருந்ததாம்.

2025 ஜூனில் என்.ஹெச்.எல். டிராஃப்ட் நடந்தது. 7 சுற்று, 32 அணி, 224 பெயர். நவம்பரில் பிறந்தவன் என்பதால் அவனுக்கு முதல் தகுதி ஆண்டு அதுதான். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் பருவத்தில் 20 வயதுக்குட்பட்ட முதல் அணியில் இரண்டாவது ஜோடியாகத் தொடங்கியிருக்கிறான். அதே வட்டாரத்தில் மூன்றாம் நிலை ஆண்கள் லீக்கில் ஆடும் ஓர் அணி சில பயிற்சிகளுக்கு அழைத்திருக்கிறது. அந்த நிலையில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறவர்கள். தொழில்முறை என்ற சொல்லுக்கு அங்கே கிடைக்கிற தொகை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வரும். அவனுக்கு அது தெரியும்.

அடுத்த முறை மாற்றுவது

ஷிஃப்ட் நீளத்தை இங்கேயே 45 விநாடிக்கு வெட்டுவோம். ஆள் குறைவாக இருந்தால் பயிற்சியிலாவது. பயிற்சியாளர் இப்போது அடுத்த குழுவுக்கு விசில் வைத்து நேரம் கணக்கிடுகிறார். பெற்றோர்கள், நல்ல பிள்ளையை ஏன் இவ்வளவு சீக்கிரம் வெளியே எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

முழு அளவுத் தளத்தில் ஆட, ஆண்டுக்கு இரண்டு முறையாவது கேப் டவுன் கிராண்ட்வெஸ்ட் பனி அரங்குக்குக் கூட்டிப் போக வேண்டும். செலவுதான், ஆனால் வெளிநாட்டு முகாமைவிட மலிவு.

தொடைத் தசை அளவை வலி வந்த பிறகு எடுப்பதற்குப் பதில் 13 வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறேன். வளர்ச்சி வேகம் பிடிக்கிற ஆண்டில் இன்னும் அடிக்கடி.

14 வயதில் இடம் மாற்றியதை நான் மாற்ற மாட்டேன். பயிற்சியாளர் 12-லேயே செய்திருக்கலாம் என்கிறார். 12-ல் செய்திருந்தால் கோல் அடிக்கிற சந்தோஷம் இல்லாமல் பையன் ஆட்டத்தையே விட்டிருப்பான் என்பது அப்பாவின் கட்சி. இதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

விசாவுக்கும் மாற்று அட்டைக்கும் ஒன்பது மாதம் முன்பே தொடங்க வேண்டும். அழைப்புக் கடிதம் வந்தபின் ஓடினால் போதாது. பெற்றோரின் சம்மதக் கடிதம், பிறப்புச் சான்று, பள்ளி மதிப்பெண் சான்றுகளின் சான்றளித்த நகல்கள் என்று அம்மா தயாரித்த கோப்பை, இந்த ஆண்டு புறப்படத் தயாராகிற இன்னொரு பையனின் குடும்பம் வாங்கிப் போயிருக்கிறது. யூனிசா பல்கலைக்கழகத்தில் தொலைநிலைப் பட்டப்படிப்புக்கான விண்ணப்பமும் அந்தக் கோப்பில் ஒரு பகுதி. நம் பையன் அதை ஜனவரியில் அனுப்புகிறான்.